நான் சொல்ற கேடி வேற

கேடின்னா நமக்கு ஞாபகம் வர்றது போலீஸ் ஸ்டேஷன் போர்டுல வரிசையா ஒட்டியிருக்கிற மூஞ்சிகள்தான். ஒரு ஞாயித்துக்கிழமை ராத்திரி டிவியில கோல்ஃப் பாத்துக்கிட்டே, "இந்தக் கேடி மட்டும் இல்லேன்னா இவன் இன்னிக்கு அம்பேல்"னு நான் சத்தமா சொல்லித் தொலைக்க, உள்ளேர்ந்து தங்கமணி "யாரைத் திட்டறீங்க, ஆபீஸ்லேர்ந்து போனா?"ன்னு எட்டிப் பாத்தாங்க. அரை மணி நேரம் விளக்கம் சொன்னேன். பத்தாவது நிமிஷமே தூங்கிட்டாங்க. மிச்ச இருபது நிமிஷத்தை உங்க தலையில கட்டலாம்னுதான் இந்தப் பதிவு.

கோல்ஃப் ஆடறவரோட மட்டைப் பையைத் தூக்கிக்கிட்டு கூடவே நடக்கிற ஆளுக்குப் பேர்தான் கேடி. ஃபிரெஞ்சுல 'கடே'ன்னா வீட்டுக்கு இளைய பிள்ளை. அந்தச் சொல் ஸ்காட்லாந்துக்குப் போய், எடுபிடி வேலை செய்யற பையன்னு ஆகி, கடைசியில கோல்ஃப் மைதானத்துல வந்து நின்னுடுச்சு. நம்மூர் கேடிக்கும் இவங்களுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

எனக்கு இந்த ஆசாமிங்க மேல எப்படிக் கண்ணு விழுந்துச்சுன்னு சொல்லிடறேன். 2003 ஜூன். ஒரு ப்ராஜெக்டுக்காக சிகாகோ பக்கம் இருந்தேன். கோல்ஃப்னா பணக்காரங்க வாக்கிங் போற விளையாட்டுன்னு நினைச்சுக்கிட்டிருந்த காலம். அந்த வருஷம் யு.எஸ். ஓப்பன் எங்களுக்குக் கொஞ்ச தூரத்துல, ஒலிம்பியா ஃபீல்ட்ஸ்ல நடந்துச்சு. சாயங்காலம் ரூமுக்கு வந்தா ரூம்மேட் டிவிக்கு முன்னாடி ஆணி அடிச்ச மாதிரி உக்காந்திருக்கான். 53 வயசு டாம் வாட்சன், பேரப்பிள்ளை வயசுப் பசங்களோட ஆடி, முதல் நாள் 65 அடிச்சு முதலிடத்தைப் பங்கு போட்டுக்கிட்டிருந்தார். ஃபேர்வேயிலேர்ந்து அடிச்ச ஒரு பந்து நேரா குழிக்குள்ள போச்சு. இன்னொண்ணு குழி விளிம்புல நின்னு, யோசிச்சு, அப்புறமா விழுந்துச்சு. அதெல்லாம் சரி. ஆனா கூட்டம் "புரூஸ்! புரூஸ்!"னு கத்துது. யாருடா புரூஸ்? ஆடறவர் பேரு டாம் இல்லையா? பார்த்தா, பையைத் தூக்கிட்டுப் பக்கத்துல நடக்கிற ஒல்லியான மனுஷன்தான் புரூஸ். அவர் அழறார். ஆடினவரும் அழறார். ரூம்மேட்டும் மூக்கை உறிஞ்சறான். எனக்கு ஒண்ணுமே புரியலை. அவர் கதைக்கு அப்புறம் வர்றேன், முதல்ல வேலை என்னன்னு பாத்துடலாம்.

பை சுமார் இருபது கிலோ வரும். அதோட ஒரு நாளைக்கு எட்டு, பத்து கிலோமீட்டர் ஏத்த இறக்கத்துல நடக்கணும். இப்படி நாலு நாள், அதுக்கு முன்னாடி பயிற்சி நாட்கள் வேற. பந்தைத் துடைக்கணும், மணல் குழியில கால் தடத்தை வாரி சமன் பண்ணணும், கொடிக்கம்பத்தைப் பிடிக்கணும், மழை வந்தா குடை, வெயில் வந்தா தண்ணி, பசி வந்தா வாழைப்பழம். இதெல்லாம் கண்ணுக்குத் தெரியற வேலை. தெரியாத வேலை, காலங்காத்தால மைதானத்துக்குப் போய் அன்னிக்குக் கொடி எந்த மூலையில நட்டிருக்காங்கன்னு பாக்கறது. இந்தத் தண்ணிக் குழாய் மூடியிலேர்ந்து கிரீனோட முன் விளிம்புக்கு எத்தனை கஜம், அங்கேர்ந்து கொடிக்கு எத்தனை கஜம், மேடா பள்ளமா, காத்து முகத்துலயா முதுகுலயான்னு ஒரு சின்ன நோட்டுல குறிச்சு வெச்சுக்கிறது. ஆட்டக்காரர் "எவ்ளோ?"ன்னு கேட்டா ஒத்தை நம்பர் சொல்லணும். "ஒரு நூத்தம்பது இருக்கும் சார்"ங்கிற பேச்செல்லாம் அங்க எடுபடாது.

இந்த விளையாட்டுல என்னை மடக்கிப் போட்டது ஒரு விதி. ஆடிக்கிட்டு இருக்கும்போது ஆட்டக்காரர் தன் கேடிகிட்ட மட்டும்தான் யோசனை கேக்கலாம். (ஜோடி சேர்ந்து ஆடற ஆட்டம்னா ஜோடிகிட்டயும்.) கூட ஆடறவர்கிட்ட "அந்த அடிக்கு எந்த மட்டை எடுத்தீங்க?"ன்னு கேட்டாக்கூட ரெண்டு ஷாட் தண்டனை. கோச் கயித்துக்கு அந்தப் பக்கம் நிப்பார், பொண்டாட்டி நிப்பாங்க, அப்பா நிப்பார், ஒரு வார்த்தை வாயைத் திறக்க முடியாது. கோடிக்கணக்குல பணம், லட்சக்கணக்குல ஜனம், ஆனா பேச உரிமை உள்ளது ஒத்தை ஆளுக்கு. அந்த ஒத்தை ஆளுக்கு அவங்க வட்டாரத்துலயே காலங்காலமா சொல்லித் தர்ற பாடம் என்ன தெரியுமா? வந்து சேரு, கூடவே நட, வாயை மூடு. சிரிப்பு வருதில்ல? எனக்கும் முதல்ல வந்துச்சு.

1999 பிரிட்டிஷ் ஓப்பன், கார்னூஸ்டி. ஜான் வான் டி வெல்ட்ங்கிற பிரான்ஸ்காரர், கடைசிக் குழிக்கு வர்றப்ப மூணு ஷாட் முன்னணியில இருந்தார். ஆறு அடிச்சாலே கோப்பை. சின்ன மட்டையை எடுத்து மூணு தட்டு தட்டியிருந்தா முடிஞ்சுது. மனுஷன் டிரைவரை எடுத்தார், அது எங்கேயோ போச்சு. அடுத்ததையாவது அடக்கி அடிச்சாரா? இல்லை, 2-ஆம் நம்பர் இரும்பு. பந்து பார்வையாளர் மாடக் கம்பியில பட்டுத் திரும்பிப் புதருக்குள்ள விழுந்துச்சு. அங்கேர்ந்து ஓடைத் தண்ணிக்குள்ள. ஷூவைக் கழட்டி, பேண்டை மடிச்சுவிட்டு, ஓடைக்குள்ள இறங்கி நின்ன அந்தக் காட்சியைப் பாத்திருப்பீங்க. ஏழு அடிச்சு, டை ஆகி, பிளே ஆஃப்ல பால் லாரிகிட்ட தோத்தார். மறுநாள் எல்லாரும் கேட்ட கேள்வி: பக்கத்துல ஒருத்தர் பையோட நின்னாரே, அவர் ஏன் அந்த டிரைவரைப் பிடுங்கி வெக்கலை?

நானும் அப்படித்தான் கேட்டுக்கிட்டிருந்தேன். அப்புறம் ஒரு நாள் வாயை மூடிக்கிட்டேன். காரணம் இருக்கு. பல வருஷம் முன்னாடி ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், புது சிஸ்டத்தை அன்னிக்கு ராத்திரியே லைவ் பண்ணிடலாம்னு எங்க மேனேஜர் முடிவு பண்ணினார். பேக்கப் ஒழுங்கா எடுபடலைன்னு எனக்குத் தெரியும். என் ஸ்கிரீன்லயே இருந்துச்சு. ஆனா அதுக்கு ரெண்டு நாள் முன்னாடிதான் ஒரு மீட்டிங்ல எல்லார் எதிர்லயும் "கேட்டா மட்டும் பேசு"ன்னு என்னைச் சொல்லியிருந்தார். சரி, கேக்கட்டும்னு இருந்துட்டேன். அவர் கேக்கலை. சனிக்கிழமை விடியக்காலை எல்லாம் படுத்துடுச்சு, மூணு நாள் டேட்டா போச்சு. மேலிடத்துல அவர் ஒரு இடத்துல கூட டீம் பேரைச் சொல்லலை. "முடிவு என்னுது"ன்னு சொல்லிட்டு வாங்கிக் கட்டிக்கிட்டார். அந்த வருஷ பிரமோஷன் அவருக்குப் போச்சு. எனக்கு இன்க்ரிமெண்ட் வந்துச்சு.

அதனால கார்னூஸ்டி கேடியைப் பத்தி நான் ஒண்ணும் சொல்றதில்லை. வேற சில கேடிங்களைப் பத்திச் சொல்றேன்.

ஃபில் மிக்கெல்சனுக்கு 25 வருஷம், 2017 வரைக்கும், பை தூக்கினவர் ஜிம் மெக்கே. 'போன்ஸ்'னுதான் கூப்பிடுவாங்க. எலும்பு. மிக்கெல்சன் ஒரு சூதாடி மாதிரி, ரெண்டு மரத்துக்கு நடுவுல சந்து தெரிஞ்சா அடிச்சே ஆகணும். அதனால அவங்களுக்குள்ள ஒரு ஒப்பந்தம்: வருஷத்துக்கு ஒரே ஒரு தடவை போன்ஸ் 'முடியாது'ன்னு சொன்னா, மிக்கெல்சன் மறுபேச்சு இல்லாம கேட்டுக்கணும். வருஷம் பூரா ஒரே ஒரு வீட்டோ! யோசிச்சுப் பாருங்க, அதை எப்பச் செலவு பண்ணுவீங்க? ஜனவரியிலயே காலி பண்ணிட்டா டிசம்பர் வரைக்கும் நகத்தைக் கடிச்சுக்கிட்டு நிக்கணும். 2010 மாஸ்டர்ஸ்ல, 13-ஆவது குழியில, பந்து பைன் மரத்தடி சருகுல கிடந்துச்சு. பத்திரமா முன்னாடி தட்டிட்டுப் போகலாம்னு போன்ஸ் சொல்லிப் பாத்தார். இவர் கேக்கலை. ரெண்டு மரத்துக்கு நடுவுல, ஓடைக்கு மேல அடிச்சார், பந்து கொடிக்குப் பக்கத்துல போய் நின்னுச்சு, கோப்பையும் ஜெயிச்சார். சில சமயம் கேடி சொல்றதைக் கேக்காம இருக்கறதும் நல்லதுதான் போல.

ஸ்டீவ் வில்லியம்ஸ் வேற ரகம், கொஞ்சம் வில்லங்கம். 2000 பி.ஜி.ஏ. போட்டி, வல்ஹாலா, கடைசி நாள் 17-ஆவது குழி. டைகர் உட்ஸ் ஒரு ஷாட் பின்னாடி. தூரம் கேக்கறார். வில்லியம்ஸ் வேணும்னே அஞ்சு கஜம் குறைச்சுச் சொல்றார்! சொன்ன நம்பரைத் தாண்டி அடிச்சுடுவார்னு இவர் மனக்கணக்கு. பந்து கொடிக்கு ரெண்டடியில நின்னுச்சு. அப்புறம் பிளே ஆஃப்ல டைகர் ஜெயிச்சார். இதை வில்லியம்ஸே பின்னாடி ஒரு நாள் வெளியில சொன்னார். இது நம்பிக்கைத் துரோகமா, நம்பிக்கையோட உச்சமான்னு நான் இன்னும் முடிவுக்கு வரலை. தப்பா போயிருந்தா அன்னிக்கே வேலை காலி.

தப்பாவும் போயிருக்கு. 2001 பிரிட்டிஷ் ஓப்பன் கடைசி நாள், ராயல் லிதம். இயான் ஊஸ்னம் முதல் குழியில கிட்டத்தட்ட ஒரே அடியில போட்டுட்டு, சும்மா தட்டி ரெண்டுல முடிச்சார். முன்னணிக்கு வந்தாச்சு. ரெண்டாவது குழிக்குப் போறப்ப அவர் கேடி மைல்ஸ் பைர்ன் பையைப் பாக்கறார். உள்ள ரெண்டு டிரைவர். காலைப் பயிற்சியில ரெண்டையும் முயற்சி பண்ணினவங்க ஒண்ணை எடுத்து வெளியில வெக்க மறந்துட்டாங்க. 14 மட்டைக்கு மேல இருக்கக்கூடாது, இருந்தது 15. கேடியோட தப்பு ஆட்டக்காரரோட தப்பு, ரெண்டு ஷாட் தண்டனை. ஊஸ்னம் அந்த டிரைவரைப் பிடுங்கிப் புதர்ல வீசினார். கடைசியில பல பேரோட மூணாவது இடத்தைப் பகிர்ந்துக்கிட்டார். அந்த ரெண்டு ஷாட் இல்லேன்னா தனியா ரெண்டாவது. ஆனாலும் பைர்னை அன்னிக்கு வேலையை விட்டு அனுப்பலை, பாருங்க. ரெண்டு வாரம் கழிச்சு ஸ்வீடன்ல காலையில தூங்கிட்டு வராமப் போனப்பதான் அனுப்பினார். பதினஞ்சாவது மட்டையை மன்னிக்கலாம், குறட்டையை மன்னிக்க முடியாது.

காசு விஷயத்துக்கு வருவோம். வாரச் சம்பளம் ஒண்ணு, அதுக்கு மேல பரிசுப் பணத்துல பங்கு. வழக்கமா ஜெயிச்சா 10 சதவீதம், முதல் பத்துக்குள்ள வந்தா 7, சும்மா தேறினா 5. பேப்பர்ல எழுதி வெச்ச சட்டம் இல்லை, நடைமுறை. 2018 நவம்பர்ல மாட் கூச்சர் மெக்சிகோ மயகோபா போட்டிக்குப் போனார். வழக்கமான கேடி வரலை. உள்ளூர் கேடி ஒருத்தரைப் பிடிச்சார், 'எல் துக்கான்'னு பட்டப் பேர். நாலு வருஷமா ஜெயிக்காத கூச்சர் அங்க ஜெயிச்சார். பரிசு 12,96,000 டாலர். அந்த ஆளுக்குக் கொடுத்தது 5,000. பேசின கூலிக்கு மேலதானே கொடுத்தேன்னு கூச்சருக்கு நியாயம். கணக்குப்படி நியாயம்தான். நம்மூர்ல கூட வீடு கட்டி முடிச்சா கொத்தனாருக்கு வேட்டி துண்டு வெச்சுக் கொடுப்போம், அது எந்த ஒப்பந்தத்துலயும் கிடையாதே. 2019 பிப்ரவரியில ஊரே காறித் துப்பினதுக்கு அப்புறம் மன்னிப்புக் கேட்டு, மொத்தம் 50,000 ஆக்கினார். பத்து சதவீதம்னா 1,29,600 வந்திருக்கணும், அதையும் சொல்லி வெக்கறேன்.

இப்ப புரூஸ்.

புரூஸ் எட்வர்ட்ஸ். 1973-ல செயின்ட் லூயிஸ்ல ஒரு போட்டி. ஸ்கூல் முடிச்சு காலேஜுக்குப் போகாம கேடி வேலை தேடிக்கிட்டு வந்த 18 வயசுப் பையன், கார் நிறுத்தற இடத்துல நின்னு, அதுவரைக்கும் ஒரு போட்டி கூட ஜெயிக்காத 23 வயசு டாம் வாட்சன்கிட்ட "உங்க பையைத் தூக்கட்டுமா?"ன்னு கேட்டான். தூக்கினான். வாட்சன் அப்புறம் உலகத்துலயே பெரிய ஆட்டக்காரரா ஆனார், எட்டு மேஜர் பட்டம். ஆனா அந்த எட்டுல புரூஸ் பையோட கூட இருந்தது ஒண்ணே ஒண்ணுலதான். மாஸ்டர்ஸ்ல 1982 வரைக்கும் அந்த கிளப்போட சொந்தக் கேடிங்களைத்தான் வெச்சுக்கணும்னு விதி. பிரிட்டனுக்குப் போனா வாட்சனுக்கு ஆல்ஃபி ஃபைல்ஸ்னு அந்த ஊர் கேடி ஒருத்தர் இருந்தார். புரூஸுக்குக் கிடைச்ச அந்த ஒண்ணு 1982 யு.எஸ். ஓப்பன், பெபிள் பீச். ஜாக் நிக்லஸ் ஆடி முடிச்சுட்டு உக்காந்திருக்கார், ரெண்டு பேரும் சமம். 17-ஆவது குழியில வாட்சன் பந்து கிரீன் ஓரத்துப் புல்லுக்குள்ள. "பக்கத்துல கொண்டு போங்க"ன்னு புரூஸ் சொல்றார். பக்கத்துல இல்லை, உள்ளயே போடப்போறேன்னு வாட்சன். போட்டார். போட்டுட்டு கையைத் தூக்கி ஓடினவர், கூட்டத்தைப் பாக்கலை, விரலை நீட்டி கேடியைப் பாத்தார். 'சொன்னேன்ல?'

எண்பதுகள் கடைசியில வாட்சன் ஆட்டம் குறைஞ்சுது. கிரெக் நார்மன் அப்ப உச்சத்துல இருந்தார், அவருக்குக் கேடி வேணும். போயிடுன்னு வாட்சனே சொன்னார். புரூஸ் 1989-ல போனார். 1992-ல பணம் வர்ற இடத்தை விட்டுட்டு, ஜெயிக்காத வாட்சன்கிட்டயே திரும்பி வந்துட்டார்.

2003 ஜனவரியில புரூஸுக்கு ஏ.எல்.எஸ். நோய்னு தெரிஞ்சுது. ஸ்டீஃபன் ஹாக்கிங்குக்கு இருந்துச்சே, அந்த நோய். நரம்பு ஒண்ணொண்ணா தசையைக் கைவிடும். புரூஸுக்கு முதல்ல பேச்சு குழற ஆரம்பிச்சுது. நான் சிகாகோல டிவியில பாத்தது அதுக்கு அஞ்சு மாசம் கழிச்சு. உலகத்துலயே வாட்சனுக்கு யோசனை சொல்ல உரிமை உள்ள ஒத்தை ஆளு, சொல்ற வார்த்தை தெளிவா வராம, இருபது கிலோ பையைத் தூக்கிட்டு நடந்தார். கூட்டம் ஏன் அவர் பேரைக் கத்துச்சுன்னு ரூம்மேட் சொன்னதுக்கு அப்புறம் நானும் மூக்கை உறிஞ்சினேன். (அந்த யு.எஸ். ஓப்பனை ஜெயிச்சது ஜிம் ஃபியூரிக். அவர் பையைத் தூக்கினவர், டைகர் உட்ஸ் 1999-ல வேண்டாம்னு அனுப்பிச்ச வெள்ளை மீசை 'ஃபிளஃப்' கோவன். சில நேரம் இந்த விளையாட்டு சினிமா மாதிரி.)

அந்த வருஷம் சீனியர் டூர்ல மொத்தப் புள்ளியில முதலா வந்ததுக்கு வாட்சனுக்கு பத்து லட்சம் டாலர் ஆண்டுத் தொகையா கிடைச்சுது. அதை ஏ.எல்.எஸ். ஆராய்ச்சிக்குக் கொடுத்துட்டார். இதையும் கூச்சர் கணக்கையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாக்கறது நியாயம் இல்லைதான், ஆனா நான் வெச்சுப் பாத்தேன்.

2004 ஏப்ரல் 8, வியாழக்கிழமை. மாஸ்டர்ஸ் முதல் நாள் காலையில புரூஸ் ஃபுளோரிடாவுல இறந்துட்டார். வயசு 49. வாட்சன் அன்னிக்கு அகஸ்டாவுல ஆடினார். அங்க கேடிங்க எல்லாரும் வெள்ளை வெளேர்னு முழு அங்கி போட்டிருப்பாங்க, தூரத்துலேர்ந்து பாத்தா யார் யாருன்னு தெரியாது. பக்கத்துல வெள்ளை அங்கியில நிக்கறவர்கிட்ட "எவ்ளோ?"ன்னு திரும்பிக் கேட்டிருப்பார் இல்ல, முதல் தடவை, அதை நான் அடிக்கடி நினைச்சுப் பாப்பேன்.

என் பழைய மேனேஜர் ரிட்டையர் ஆகி கோயம்புத்தூர்ல இருக்கார். அந்த வெள்ளிக்கிழமை எனக்குத் தெரியும்ங்கிறது அவருக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. போன வாரம் நம்பர் போட்டேன். ரெண்டு ரிங் போச்சு, கட் பண்ணிட்டேன். அஞ்சு நிமிஷத்துல அவரே திருப்பிக் கூப்பிட்டார். "என்னப்பா, ஏதோ சொல்ல வந்தியா?"ன்னார்.

"சும்மாதான் சார்"னேன்.